கோவில் சடங்கும் தத்துவார்த்தப் புரட்டும்

கோவில், யாத்திரை, பூசை, சடங்கு ஆகியவைகளுக்காக வக்காலத்து வாங்கிப் பேசுகின்றவர்கள் இப்பொழுதெல்லாம் பழைய மாதிரியில் பேசுவதில்லை. இந்தக் குளத்தில் முழுகினால் ஏழு ஜென்மத்துப் பாவம் போகும் என்றும், இந்த மரத்தைச் சுற்றினால் பிள்ளை பிறக்கும் என்றும் பச்சையாகச் சொல்லுவதற்கு அவர்களில் நாலெழுத்துப் படித்தவர்களுக்குக் கொஞ்சம் வெட்கமாயிருக்கின்றது. ஆதலால் அவர்கள் வேறொரு தந்திரத்தைக் கைக்கொண்டிருக்கின்றார்கள். அதாவது, "நீங்கள் மேலோட்டை மாத்திரம் பார்த்துச் சிரிக்கின்றீர்கள், உள்ளே இருக்கும் பருப்பைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு சடங்குக்குள்ளும் ஒரு பெரிய தத்துவார்த்தம் மறைந்து கிடக்கின்றது" என்பதாகும்.

அந்தத் தத்துவார்த்தங்கள்தான் என்ன? தேங்காய் உடைத்தால் அகங்காரம் உடைகின்றதாம். கற்பூரம் கொளுத்தினால், அது மிச்சமில்லாமல் எரிந்து போவதுபோல் ஜீவாத்மா பரமாத்மாவில் கரைந்து போகின்றதாம். மொட்டை அடித்துக்கொண்டால் 'நான்' என்னும் கர்வம் மயிரோடு மயிராய் இறங்கிப் போகின்றதாம். கோபுரம் பாதமாம், கருவறை தலையாம், கோவில் முழுவதுமே மனித சரீரமாம். இப்படியாக, எதைக் கேட்டாலும் ஒரு வியாக்கியானம் தயாராய் வைத்திருக்கின்றார்கள்.

நல்லது. ஒரு காரியத்துக்கு உட்பொருள் இருக்கவே முடியாது என்று நாம் பிடிவாதம் செய்ய வரவில்லை. மூன்றே கேள்விகளைத்தான் கேட்கின்றோம். முதலாவது, சடங்கு முன்னே பிறந்ததா, அர்த்தம் முன்னே பிறந்ததா? இரண்டாவது, ஒரு சடங்குக்கு இதுதான் அர்த்தம் என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வது? மூன்றாவது, அந்த அர்த்தத்தை ஊருக்கெல்லாம் சொல்லுகின்றவர்கள் தாங்கள் அதன்படி நடக்கின்றார்களா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கதை பழையதாகி, கேட்கின்றவனுக்குப் புத்தி வந்து, அவன் சிரிக்க ஆரம்பித்தவுடன்தான் உட்பொருள் பிறக்கின்றது. இது நம் நாட்டில் மாத்திரம் நடந்த சங்கதியல்ல. கிரேக்க தேசத்தில் ஹோமர் பாடல்களில் தேவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைப் பார்த்து அறிவாளிகள் கேலி செய்யத் தொடங்கியபோது, கிறிஸ்து பிறப்பதற்கு 500 வருஷங்களுக்கு முன்பே தியாகெனஸ் என்பவர், அது தேவர்களின் சண்டையல்ல, வெப்பமும் குளிர்ச்சியும், ஈரமும் வறட்சியும் ஒன்றோடொன்று மோதுவதையே அப்படி மறைபொருளாகச் சொல்லியிருக்கின்றது என்று சமாதானம் சொல்லிவிட்டார். நம் சென்னையில் 1880-களிலேயே 'தத்துவ விவேசினி' என்ற பத்திரிகையை நடத்திய பகுத்தறிவாளர்கள் புராணங்களையும் சடங்குகளையும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேள்வி வளர வளர, பதிலின் வேஷமும் மாறி வந்திருக்கின்றதே தவிர, கோவிலுக்குள் நடக்கின்ற காரியம் மாறவில்லை.

சடங்குக்கும் கோவிலுக்கும் உண்மையான காரணத்தைத் தேடுகின்றவர்கள் ஆகாயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தரையைப் பார்த்தால் போதும். நாம் இருந்து எழுதுகின்ற இந்தச் சிந்தாதிரிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கூவம் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகின்ற இந்த இடம், 18-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சுங்குராமா என்ற பெரிய வியாபாரியின் தோட்டமாயிருந்தது. கும்பினியாருக்குச் சீமைக்கு அனுப்பத் துணி வேண்டியிருந்தது. துணிக்கு நெசவாளி வேண்டியிருந்தது. ஆகவே ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராயிருந்தபோது, 1734-ல் இங்கே ஒரு நெசவாளர் பேட்டையை ஏற்படுத்தினார்கள். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பது பலரும் சொல்லுகின்ற பெயர்க் காரணம். இங்கே யார் யார் குடியேறலாம் என்று கும்பினியார் ஒரு ஜாபிதாவும் போட்டார்கள். நூற்பவர், நெய்பவர், துணிக்கு வர்ணம் எழுதுபவர், வெளுப்பவர் ஆகிய இவர்களோடு, கோவில் வேலைக்கு வேண்டிய பார்ப்பனர்களும் தாசிகளும் அந்த ஜாபிதாவில் இருந்தார்கள். இன்றும் இப்பேட்டையில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீஸ்வரர் கோவில்களைக் கட்டியவர் அந்தக் கவர்னரின் துபாஷியான ஆதியப்ப நாராயண செட்டி என்பவர்.

இதன் தத்துவார்த்தம் என்ன? நமக்குத் தெரிகின்ற அர்த்தம் இதுதான்: தறி ஓட வேண்டுமானால் நெசவாளி வேண்டும், நெசவாளி இங்கேயே நிலைத்திருக்க வேண்டுமானால் அவனுக்குக் கோவில் வேண்டும். ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடி இங்கே வந்ததாக அந்தத் தஸ்தாவேஜில் காணப்படவில்லை. துணி வியாபாரம்தான் காணப்படுகின்றது. இப்படிச் சொல்லுவதால், அந்தக் கோவில்களில் கும்பிட்டுப் போன பத்துத் தலைமுறை நெசவாளிகளையும் மற்ற ஏழைகளையும் நாம் குறைவாகப் பேசியதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் தேடினார்கள், அவ்வளவுதான். ஆனால், கட்டியவனுக்கும் தெரியாத, கும்பிட்டவனுக்கும் தெரியாத அர்த்தம் ஒன்று, இன்றைக்குப் பிரசங்கம் செய்கின்றவருக்கு மாத்திரம் எப்படித் தெரிந்தது என்றுதான் கேட்கின்றோம்.

அந்த ஜாபிதாவில் உள்ள 'தாசிகள்' என்ற வார்த்தையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அறியாத சிறு பெண்ணுக்குக் கோவிலில் பொட்டுக் கட்டினார்களே, அதற்கும் ஓர் உயர்ந்த தத்துவார்த்தம் சொல்லப்பட்டது. அவள் மனிதனுக்கு மனைவியல்ல, ஆண்டவனுக்கே மனைவி என்றும், அவள் நித்திய சுமங்கலி என்றும், அது தெய்வீகத் தொண்டு என்றும், அதைத் தொட்டால் கலையே அழிந்து போகும் என்றும் படித்த பெரிய மனிதர்களே வாதாடினார்கள். அர்த்தம் ஆண்டவனைப் பற்றியதாயிருந்தது. அனுபவிப்பு மாத்திரம் மிராசுதாரனுடையதாயிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1927 முதல் சட்டசபையில் போராடியும், அந்தக் கொடுமையை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசியும், 1936-ல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதியும், கடைசியாக 1947-ல்தான் பொட்டுக் கட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. தத்துவார்த்தத்தின் யோக்கியதை என்னவென்று அறிய விரும்புகின்றவர்களுக்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

நிற்க. இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதுதான் அர்த்தம் என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? சிதம்பரத்தில் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் இருப்பதாகவும், அது ஒரு மனிதன் ஒரு நாளில் விடுகின்ற மூச்சின் கணக்கு என்றும், அவைகளை அடித்திருக்கும் 72,000 ஆணிகள் சரீரத்திலுள்ள 72,000 நாடிகள் என்றும் சொல்லுகின்றார்கள். கேட்பதற்கு ஆச்சரியமாய்த்தான் இருக்கின்றது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 15 மூச்சு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 வருகின்றது, சரிதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கே நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு மாறுகின்றது. பிறந்த குழந்தை 40 தடவைகூட மூச்சு விடும். மூட்டை தூக்குகின்றவனுக்கு ஒரு கணக்கு, மெத்தையில் படுத்திருப்பவனுக்கு வேறு கணக்கு. இது ஒருபுறமிருக்க, ஒரு வட்டத்துக்கு 360 பாகை. பாகை ஒன்றுக்கு 60 கலை. பெருக்கிப் பாருங்கள், அதுவும் 21,600தான். ஆகவே, அந்த ஓடுகள் மூச்சையல்ல, வட்டத்தைத்தான் குறிக்கின்றன என்று ஒருவன் சொன்னால் அவனை யார் மறுப்பது? 72,000 நாடிகளையோ, அறுத்துப் பார்த்த எந்த வைத்தியனும் எண்ணிக் காட்டினதில்லை. ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் அதற்குப் பொருத்திவிடலாம் என்பதைத்தான் இது காட்டுகின்றதே அல்லாமல், வேறு எதையும் காட்டவில்லை.

மொட்டையின் கதை இதைவிட வேடிக்கையானது. திருப்பதியில் இறக்கப்படும் தலைமயிர் ஏலத்தில் போகின்றது. கோடிக்கணக்கில் வருமானம் வருகின்றது. அது கப்பலேறி வெளிதேசங்களில் பெண்களின் டோப்பாவாகின்றது. 2004-ல் நியூயார்க்கிலும் இஸ்ரேலிலும் உள்ள வைதிக யூதர்கள், இந்த மயிர் விக்கிரக ஆராதனையில் சேர்ந்தது என்று தங்கள் மதகுருமார் சொன்னதைக் கேட்டு, விலை உயர்ந்த டோப்பாக்களை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஒரே மயிர்தான். கொடுத்தவனுக்கு அது அகங்காரம், விற்றவனுக்குச் சரக்கு, வாங்கினவளுக்கு அழகு, கொளுத்தினவனுக்குப் பாவம். இந்த நாலு அர்த்தங்களில் எது மயிருக்குள்ளேயே இருந்தது என்று வியாக்கியானகர்த்தர்கள் சொல்லுவார்களா? மிச்சமில்லாமல் எரிகின்றது என்று புகழப்படும் கற்பூரத்தின் மிச்சத்தைப் பார்க்க விரும்புகின்றவர்கள், பழைய கோவில் கருவறைகளின் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தால் போதும்; பல தலைமுறைக் கரி அங்கே அப்பிக் கிடக்கின்றது. இன்று கடையில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. ஆயுத பூசையன்று தீமையை ஒழிப்பதாகச் சொல்லி நடுத்தெருவில் உடைக்கின்ற பூசணிக்காயில் சறுக்கி விழுகின்றவனுக்கு, அதன் உட்பொருள் அவனுடைய முழங்காலில்தான் தெரிகின்றது.

இனி மூன்றாவது கேள்வி. நம் அபிப்பிராயத்தில் இதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியமானது. ஏனென்றால், அர்த்தம் பிந்தி வந்ததாயிருந்தாலும், அது நல்ல அர்த்தமாயிருந்து, அதன்படி நடந்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை. நடக்கின்றார்களா?

கோவில் என்பது மனித சரீரம், ஒவ்வொரு சரீரத்துக்குள்ளும் ஆண்டவன் ஆடுகின்றான் என்கின்றார்கள். அப்படியானால், அந்தச் சரீரத்தை உடைய மனிதனை ஏன் வாசலில் நிறுத்தினீர்கள்? திருவாங்கூர் சமஸ்தானத்துக் கோவில்கள் எல்லோருக்கும் திறக்க 1936-ல் ஒரு மகாராஜாவின் பிரகடனம் வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் 1939-ல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தபோது, அது பெரிய கலகமாயிற்று. சென்னை மாகாணம் முழுவதற்கும் 1947-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தத்துவார்த்தம் ஆயிரம் வருஷமாகத் திறக்காத கதவைச் சட்டம் ஒரு நாளில் திறந்தது.

கதவு திறந்த பிறகாவது தத்துவம் வேலை செய்ததா? பூசை செய்யும் உரிமை பிறப்பினால் வருவதல்ல என்று தமிழ்நாட்டில் 1970-ல் சட்டம் செய்தார்கள். பரம்பரைப் பாத்தியம் ஒழிந்தது செல்லும், ஆனால் ஆகமப்படிதான் நியமிக்க வேண்டும் என்று 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. மறுபடியும் 2006-ல் உத்தரவு, மறுபடியும் வழக்கு, 2015-ல் மறுபடியும் தீர்ப்பு. எல்லாச் சாதியிலும் பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் சிலருக்கு 2021 ஆகஸ்டில் நியமனம் கிடைத்தது. இதற்காக 50 வருஷங்களுக்கு மேல் படியேறி இறங்க வேண்டியிருந்தது. மூச்சைக் கணக்கெடுத்து ஓடு வேய்ந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சிதம்பரத்திலேயே, சிற்றம்பல மேடையில் நின்று தமிழில் தேவாரம் பாட ஆறுமுகசாமி என்ற வயோதிக ஓதுவாருக்கு 2008-ல் அரசாங்க உத்தரவும் போலீஸ் பாதுகாப்பும் வேண்டியிருந்தது. கனகசபை மீது ஏறி ஜனங்கள் கும்பிட 2022-ல் இன்னொரு உத்தரவு வேண்டியிருந்தது. 21,600 மூச்சுக்கும் கூரையில் இடம் கொடுத்தவர்கள், ஒரு தமிழ்க் கிழவனின் மூச்சுக்கு மேடையில் இடம் கொடுக்கவில்லை என்றால், அந்தத் தத்துவத்தை நாம் எந்தத் தராசில் நிறுப்பது?

சபரிமலைச் சங்கதி இன்னும் தெளிவானது. நம் பேட்டைத் தோழர்களுக்கு நெருங்கினதும்கூட. கார்த்திகை பிறந்தால் சென்னையின் தெருக்களெல்லாம் கறுப்பு வேட்டியும் மாலையுமாகிவிடுகின்றன. மீன் அங்காடியில் கூடை சுமப்பவனும், ஆட்டோ ஓட்டுகின்றவனும், பட்டறையில் இரும்பு அடிக்கின்றவனும் 41 நாள் விரதம் இருந்து, கூலியை மிச்சம் பிடித்தும், பற்றாததற்குக் கடன் வாங்கியும் மலைக்குப் போகின்றான். அந்த நாட்களில் அவன் குடிப்பதில்லை, மனைவியை அடிப்பதில்லை, ஒருவரையொருவர் 'சாமி' என்று மரியாதையாய் அழைத்துக்கொள்கின்றார்கள் என்று சொல்லுகின்றார்கள். உண்மைதான், அது நல்ல காரியம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் 41 நாள் முடியும்படியான சுயமரியாதை எதற்கு என்றுதான் கேட்கின்றோம். பக்கத்து வீட்டுக்காரனை மனிதனாக மதிக்க மாலை வேண்டியிருக்கின்றதென்றால், மாலையைக் கழற்றின மறுநாள் அவன் யார்?

அங்கே 18 படிகள் இருக்கின்றன. ஐம்புலன் 5, ராகங்கள் 8, குணங்கள் 3, வித்தை, அவித்தை 2, ஆக 18 என்று ஒருவர் சொல்லுகின்றார். 18 புராணம் என்கின்றார் மற்றொருவர். 18 மலை என்கின்றார் இன்னொருவர். போகட்டும். படிக்கு மேலே 'தத்துவமசி' என்று எழுதி வைத்திருக்கின்றார்கள். 'நீயே அது' என்று அதற்குப் பொருள். சாந்தோக்கிய உபநிஷத்தில் தகப்பன் மகனுக்குச் சொன்னதாக வரும் வாக்கியம். நீ தேடி வந்த சாமி நீதான் என்று பலகை சொல்லுகின்றது. ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்கள் வரக்கூடாது என்றார்கள். 1991-ல் கேரள ஹைக்கோர்ட்டு அந்தத் தடையை ஒப்புக்கொண்டது. 2018 செப்டம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2019 ஜனவரி 2-ந் தேதி இரண்டு பெண்கள் உள்ளே போய் வந்தவுடன், நடையைச் சாத்திச் சுத்திச் சடங்கு செய்தார்கள். 'நீயே அது' என்று எழுதியிருக்கும் இடத்தில், 'நீ' வந்து போனதற்காக 'அதை'க் கழுவினார்கள் என்றால், பலகை பொய்யா, சுத்தி பொய்யா? இரண்டும் மெய்யாயிருக்க வழியில்லை.

மகரவிளக்கு என்பதைப் பாருங்கள். பொன்னம்பலமேட்டில் தானாகத் தோன்றும் தெய்வீக ஜோதி என்று லட்சக்கணக்கான ஜனங்கள் அதை நம்பிப் போனார்கள். 1999 ஜனவரி 14-ல் பம்பையில் நெரிசலில் 50 பேருக்கு மேல் மாண்டார்கள். 2011 ஜனவரி 14-ல் புல்மேட்டில், விளக்கைப் பார்த்துத் திரும்புகையில் 102 பேர் மிதிபட்டு மாண்டார்கள்; அவர்களில் தமிழ்நாட்டுக்காரர் அநேகர். அதன் பிறகு ஹைக்கோர்ட்டு கேட்டபோது, அது மனிதர் ஏற்றுகின்ற விளக்குதான் என்று தேவஸ்வம் போர்டே ஒப்புக்கொண்டது. உடனே நம் வியாக்கியானகர்த்தர்கள் என்ன செய்தார்கள்? "ஆமாம், அது ஒரு தீபாராதனைதான், ஞான ஒளியின் அடையாளம்தான், அற்புதம் என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்கின்றார்கள். மாண்டவர்கள் அடையாளத்தைப் பார்க்கவா மலையேறினார்கள்? அடையாளம் என்று முன்னமே சொல்லியிருந்தால், அவர்களில் பலர் தங்கள் வீட்டு விளக்கையே பார்த்துத் திருப்தியடைந்திருக்க மாட்டார்களா? ஏமாறும் வரையில் அற்புதம், கையும் களவுமாய் அகப்பட்ட பிறகு தத்துவார்த்தம் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?

இதற்கு ஓர் ஆட்சேபணை கிளம்பும். "மனிதனுக்கு அடையாளங்கள் வேண்டாமா? கொடி ஓர் அடையாளம் அல்லவா? நீங்களும் கொடி பிடிக்கின்றீர்களே" என்பார்கள். நியாயமான கேள்விதான். அடையாளம் இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அடையாளத்தில் இரண்டு தினுசு உண்டு. தெருச் சந்தியில் எரிகின்ற சிவப்பு விளக்கு ஓர் அடையாளம். அதற்கு 'நில்' என்பது அர்த்தம். மந்திரிக்கும் அதுதான், மாட்டுவண்டிக்காரனுக்கும் அதுதான். அதற்குத் தட்சணை இல்லை. அது இன்ன சாதியானுக்குத்தான் எரியும் என்பதில்லை. வேறு நிறம் நல்லது என்று தோன்றினால் எல்லோருமாய்ப் பேசி நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். கொடியும் அப்படியே, நாம் செய்தது, வேண்டாமென்றால் நாமே மாற்றலாம். சடங்கின் அடையாளமோ, இன்னாரே தொடலாம், இன்னார் எட்டி நிற்க வேண்டும், அர்த்தம் எங்களுக்குத்தான் தெரியும், காசை மாத்திரம் நீ போடு என்கின்றது. முன்னது வழிகாட்டி, பின்னது சுங்கச்சாவடி.

ஆகையால், நம் பேட்டைத் தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். இனி யாராவது ஒரு சடங்குக்குத் தத்துவார்த்தம் சொல்ல வந்தால், அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பொறுமையாய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, "ஐயா, இந்தத் தத்துவம் மிகவும் நன்றாயிருக்கின்றது. அகங்காரத்தை ஒழிப்பதுதான் முக்கியமென்றால், தேங்காய் இல்லாமலே ஒழிக்கலாமா? எல்லோருக்குள்ளும் ஒரே சாமி என்றால், உங்கள் வீட்டில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்களா? உங்கள் பிள்ளைக்கு எங்கள் பெண்ணைக் கட்டுவீர்களா?" என்று மாத்திரம் கேளுங்கள். 'ஆம்' என்று சொல்லி அப்படியே நடப்பாரானால், அவரை நாமும் மதிப்போம். ஏனெனில் அவருக்குச் சடங்கு தேவையில்லாமல் போய்விடும். 'அது வேறு, இது வேறு' என்று அவர் இழுப்பாரானால், உள்ளே பருப்பு இல்லை, ஓடு மாத்திரம்தான் இருக்கின்றது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மலைக்குப் போகக் கடன் வாங்குகின்ற தோழர், அந்தப் பணத்தில் தம் பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புஸ்தகத்துக்கும் எவ்வளவு ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அந்தப் பெண் படித்து வந்து, 'தத்துவமசி' என்ற பலகையைத் தானே வாசித்து, "அப்படியானால் என்னை ஏன் தடுத்தீர்கள்?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு இதுவரை எந்த வியாக்கியானத்திலும் பதில் எழுதப்படவில்லை.